மினுக்காத பிறந்தநாள் கார்டு: வாசகர் கேள்வி பதில்

போன மாசம் வீட்டுல பிறந்தநாள் அலங்காரம் பண்றதைப் பத்தி எழுதினப்ப, “மினுக்குற வாழ்த்து அட்டையை பழைய பேப்பர் கடைக்காரர் கூட எடுக்க மாட்டார்”னு போற போக்குல ஒரு வரி எழுதியிருந்தேன். மத்ததை எல்லாம் விட்டுட்டு அந்த ஒரு வரியைப் பிடிச்சுக்கிட்டு இவ்வளவு பேர் கேள்வி அனுப்பியிருக்கீங்க, எனக்கு ரொம்ப சந்தோஷம், ஏன்னா நான் சிவகாசியில ஒரு ஆஃப்செட் பிரஸ்ல 11 வருஷம் ஃபினிஷிங் செக்‌ஷன்ல வேலை பார்த்தவ, லேமினேஷன் போடுறது, ஃபாயில் அடிக்கிறது, டை கட்டிங் எல்லாமே என் கை வழியா போனதுதான். அதனால இந்த மாசம் முழுக்க பிறந்தநாள் கார்டுதான் பேசப்போறோம்.

மதுரையில இருந்து ஒரு வாசகி: அக்கா, கார்டுன்னாலே பேப்பர்தானே, பேப்பர் மக்கிடும்தானே? எதை வெச்சு இது நல்ல கார்டு, இது ஆகாத கார்டுன்னு பிரிக்கிறது? கடையில நின்னு பார்த்தா எனக்கு எல்லாம் ஒண்ணு மாதிரிதான் தெரியுது.

பேப்பர் மக்கும்மா, அதுல சந்தேகமே வேண்டாம். வம்பு எல்லாம் அந்தப் பேப்பர் மேல நாங்க ஒட்டுனதுலதான் இருக்கு. கடையில வழுவழுன்னு இருக்குற கார்டு பெரும்பாலும் 250 இல்லன்னா 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம்னு சொல்ற கணக்கு) ஆர்ட் கார்டுங்கிற அட்டையில அடிச்சு, அதுக்கு மேல பிஓபிபின்னு ஒரு பிளாஸ்டிக் ஃபிலிமை உருளையில அழுத்தி ஒட்டுனது. மேட் ஃபினிஷ்னு சொல்றாங்களே, தொட்டா வெல்வெட் மாதிரி இருக்குமே, அதுவும் ஃபிலிம்தான், பளபளப்பு இல்லாததால வெறும் பேப்பர்னு நினைச்சு நல்ல மனசுக்காரங்களே அதைத்தான் வாங்குறாங்க. ஃபிலிம் ஒட்டிட்டா அப்புறம் அது பேப்பரும் இல்ல, பிளாஸ்டிக்கும் இல்ல. பேப்பர் மில்லுல பழைய பேப்பரை தண்ணியில ஊறவெச்சு அடிச்சு கூழாக்குவாங்க, அங்க இந்த ஃபிலிம் கரையாம துண்டு துண்டா மிதக்கும், அதை வடிகட்டி குப்பைக்குத்தான் அனுப்பணும், அந்தத் தொல்லைக்குத்தான் கடைக்காரர் முதல்லயே வேண்டாங்கிறார்.

கோல்டு ஃபாயில் பத்தி யாரும் கேக்கல, ஆனா நான் சொல்லியே ஆகணும். கார்டுல ஒட்டியிருக்குற தங்க எழுத்து ரொம்ப மெல்லிசான பூச்சு, பார்க்க கொஞ்சமாத்தான் தெரியும். அந்தப் பூச்சைத் தாங்கிட்டு வர்றது பாலியெஸ்டர் ஃபிலிம் ரீல், எழுத்து மட்டும் சூட்டுல கார்டுக்கு இறங்கிடும், மிச்ச ரீல் முழுக்க எழுத்து எழுத்தா பூச்சு உரிஞ்ச தடத்தோட சுருண்டு மெஷின் பக்கத்துல கிடக்கும். விரல் நீளத்துக்கு ஒரு ‘ஹேப்பி பர்த்டே’ எழுத எத்தனை அடி ஃபிலிம் வீணாகுதுன்னு சாயங்காலம் கூட்டி அள்ளுறவங்களுக்குத்தான் தெரியும், நான் அள்ளியிருக்கேன்.

அப்புறம் கிளிட்டர். அது அலுமினியம் பூசுன பாலியெஸ்டர் ஃபிலிமை பொடிப்பொடியா வெட்டுனது, அதாவது பிறக்குறப்பவே மைக்ரோபிளாஸ்டிக்னு சொல்ற பொடிப் பிளாஸ்டிக் துணுக்கு. கார்டைத் தொட்ட கை, மேஜை, குழந்தையோட கன்னம், தலையணைன்னு எல்லாத்துலயும் ஒட்டி, கழுவுனா சாக்கடை வழியா ஆறு, குளத்துக்குப் போயிடும். 2023 அக்டோபர்ல ஐரோப்பிய யூனியன் மைக்ரோபிளாஸ்டிக்குக்குத் தடை கொண்டுவந்தப்ப முதல் அடியே உதிரி பிளாஸ்டிக் கிளிட்டருக்குத்தான் விழுந்துச்சு.

எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னா, முதல்ல வீட்டுல கிடக்குற பழைய கார்டு ஒண்ணை எடுத்து ஓரத்தை மெதுவா கிழிச்சுப் பாருங்க. வெறும் பேப்பர்னா நார் நாரா பஞ்சு மாதிரி கிழியும். ஃபிலிம் போட்டதுன்னா பேப்பர் கிழிஞ்ச அப்புறமும் கண்ணாடித் தோல் மாதிரி ஒண்ணு இழுபடும். கடையில கிழிக்க முடியாது, அதனால கார்டைத் திறந்து வெளிப்பக்கத்தை ஒரு விரலாலயும் உள்பக்கத்தை ஒரு விரலாலயும் தடவுங்க. உள்ள பேனாவால எழுதணும்கிறதால அங்க ஃபிலிம் போட மாட்டாங்க, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி சொரசொரப்பா இருந்தா பெரும்பாலும் வெறும் அட்டைதான். நாலு கார்டு தடவுனா கை பழகிடும். கொஞ்சம் பகட்டா வேணும்னா எம்போஸிங் பண்ண கார்டு கேளுங்க, படம் மேடா எழும்பி நிக்கும், டைன்னு ஒரு அச்சு வெச்சு அழுத்துறது மட்டும்தான், ஃபாயில் சேர்க்கலைன்னா அது முழுக்க பேப்பர்.

கார்டைச் சுத்தி வர்ற பிளாஸ்டிக் கவரையும் பாருங்க. அழைப்பிதழ் மேல சுத்துற பிளாஸ்டிக் ஃபிலிமே 2022 ஜூலை 1-ல இருந்து நாடு முழுக்க தடை, பிறந்தநாள் கார்டுக்கு மட்டும் எதுக்கு அந்த உறை? பேப்பர் பட்டை சுத்துன கார்டு வருது, அதைக் கேட்டு வாங்குங்க, நாலு பேர் கேட்டா கடைக்காரர் மொத்த வியாபாரிகிட்ட கேப்பார், அவர் எங்க ஊருக்கு போன் போட்டு கேப்பார், சிவகாசியில எல்லா மாத்தமும் இப்படித்தான் வந்திருக்கு.

கோயம்புத்தூர்ல இருந்து ஒரு வாசகர்: மேடம், கார்டு பின்னாடி ரீசைக்கிள்டு, எஃப்எஸ்சி, எக்கோ ஃப்ரெண்ட்லின்னு என்னென்னமோ போடுறாங்க. எதை நம்பறது?

சார், ‘எக்கோ ஃப்ரெண்ட்லி’ன்னு ஒரு பச்சை இலை படம் மட்டும் இருந்தா அதை நான் கணக்குலயே எடுத்துக்க மாட்டேன், இலை படத்தை யாரு வேணா அடிக்கலாம். 2024 அக்டோபர்ல மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இந்த மாதிரி பச்சைப் பூச்சு விளம்பரத்துக்கு விதிமுறையே போட்டிருக்கு, சும்மா சுற்றுச்சூழலுக்கு நல்லதுன்னு சொல்லக்கூடாது, எதனால நல்லதுன்னு ஆதாரம் இருக்கணும்.

எஃப்எஸ்சி முத்திரை, அந்த மரமும் டிக் அடையாளமும் சேர்ந்த படம், காட்டை முறையா பராமரிக்கிறாங்களான்னு பார்க்க 1993-ல தொடங்குன ஒரு சர்வதேச அமைப்போடது, அதுல விஷயம் இருக்கு. 100 சதவீதம்னு போட்டா முறையா பராமரிக்கிற காட்டு மரம் மட்டும், ரீசைக்கிள்டுன்னா முழுக்க மறுசுழற்சி, மிக்ஸ்னா கலப்பு. ஆனா ஒண்ணு, அந்த முத்திரை பேப்பர் எங்க இருந்து வந்துச்சுன்னு மட்டும்தான் சொல்லுது, அது மேல ஃபிலிம் ஒட்டினாங்களா, கிளிட்டர் கொட்டினாங்களான்னு சொல்லாது. முத்திரையும் இருந்து கிளிட்டரும் இருக்குற கார்டை நானே கையில வாங்கிப் பார்த்திருக்கேன், மனசு ஆறல.

என்கிட்ட கேட்டா மரமே வெட்டாத பேப்பர்தான் முதல். நம்ம திருப்பூர் பக்கம் பனியன் கம்பெனியில வெட்டுத்துணி மலை மலையா விழுது இல்ல, அந்த மாதிரி பருத்தி வெட்டுத்துணியை அரைச்சு கூழாக்கி, சல்லடைச் சட்டத்துல அள்ளி, அழுத்தி, கொடியில துணி காயப்போடுற மாதிரி காயவெச்சு எடுக்குறதுதான் கைக்காகிதம். புதுச்சேரியில ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்துல பல வருஷமா செய்றாங்க. ஜெய்ப்பூர் பக்கம் சாங்கானேர் கைக்காகிதத்துக்குப் பேர்போன ஊர், அங்க இருக்குற தேசிய கைக்காகித நிறுவனத்துக்கு யார் பேரு தெரியுமா, 1892-ல தஞ்சாவூர்ல பிறந்த நம்ம ஜே.சி.குமரப்பா பேரு. 1934-ல காந்தியோட சேர்ந்து கிராமத் தொழில் சங்கத்தை நடத்த வந்தவர் அவர். காதி கடையில கேட்டுப் பாருங்க, கைக்காகித அட்டையும் கவரும் கிடைக்கலாம். வாங்குறப்ப ஜரிகை நூலும் மினுக்குத் தூளும் கலந்ததை ஒதுக்கிட்டு வெறும் பூவிதழ் போட்டதை எடுங்க. மை பேனாவுல எழுதுனா சில கைக்காகிதத்துல ஊறிப் பரவும், பால்பாயிண்ட்டுல எழுதுங்க.

இன்னொண்ணு, கரும்புச் சக்கையில செஞ்ச பேப்பர். கரூர் மாவட்டம் காகிதபுரத்துல டிஎன்பிஎல்-ங்கிற தமிழ்நாடு அரசு காகித ஆலை 1984-ல இருந்து கரும்புச் சக்கையில பேப்பர் ஓட்டுது, நம்ம பசங்க நோட்டு, ஜெராக்ஸ் பேப்பர்லாம் நிறைய அங்க இருந்து வர்றதுதான். சொந்தமா கார்டு அடிக்கிறவங்க உங்க ஊர் பிரஸ்ல அந்தப் பேப்பர் கேளுங்க.

திருச்சியில இருந்து ஒரு வாசகி: விதை கார்டு வாங்கி என் பொண்ணு ஃப்ரெண்டுக்கு குடுத்தா அக்கா. அந்தப் பாப்பா தொட்டியில புதைச்சு ஒரு மாசம் தண்ணி ஊத்தியும் ஒண்ணும் முளைக்கல, என் பொண்ணு அழுதுட்டா. இது ஏமாத்து வேலையா?

அய்யோ, பாப்பாவை அழ வேண்டாம்னு சொல்லுங்க. ஏமாத்துன்னு சொல்லிட முடியாது, ஆனா விக்கிறவங்க பாதி விஷயத்தை சொல்றதில்ல. விதை உயிருள்ளது, அதுக்கு வயசு உண்டு. அடிச்ச கார்டு ஒரு வருஷம் கண்ணாடி அலமாரியில வெயில்ல நின்னுச்சுன்னா எப்படி முளைக்கும்? சில இடத்துல கூழை சீக்கிரம் காயவைக்க சூடு குடுத்துடுறாங்க, அங்கேயே விதை செத்துடும். அதனால செஞ்ச தேதி கேளுங்க, ஆறு மாசத்துக்கு உள்ளன்னா நல்லது.

பாப்பா வீட்டுல ஆழமா புதைச்சிருப்பாங்கன்னும் தோணுது. இதுல போடுறது துளசி, துலுக்க சாமந்தி மாதிரி பொடி விதை, ஆழத்துல போட்டா மேல ஏறி வர அதுக்குத் தெம்பு கிடையாது. கார்டை சின்னத் துண்டா கிழிச்சு, ரெண்டு மூணு மணி நேரம் தண்ணியில ஊறவெச்சு, மண்ணுக்கு மேல பரப்பி, அதுக்கு மேல அரிசி மணி உசரத்துக்கு மண் தூவுனா போதும். அப்புறம் காயவே விடக்கூடாது, ஊத்தாம தெளிக்கணும், திருச்சி வெயிலுக்கு காலை சாயங்காலம் ரெண்டு வேளை. ஒரு வாரத்துல இருந்து ரெண்டு வாரம் பாருங்க.

அடுத்த தடவை வீட்டுலயே செய்யுங்களேன், பொண்ணுக்கும் கோபம் போயிடும். எழுதி முடிச்ச நோட்டுப் பேப்பரை ராத்திரி ஊறவெச்சு மிக்ஸியில அரைச்சு, மாவு சல்லடையில ஒரு பழைய வேட்டித் துணி விரிச்சு மெல்லிசா பரப்பி, கடைசியா தண்டுக்கீரை விதையையும் கடுகையும் தூவி இன்னொரு துணியால ஒத்தி எடுத்து ஃபேன் காத்துல காயப்போடுங்க. விதையை மிக்ஸியில போட்டுடாதீங்க, அதையும் ஒருத்தங்க செஞ்சிருக்காங்க. கீரை சீக்கிரம் முளைக்கும், பசங்களுக்குப் பொறுமை போறதுக்குள்ள பச்சை தெரிஞ்சுடும்.

டொரன்டோவில இருந்து ஒரு வாசகி: அக்கா, என்ர அம்மம்மாக்கு 80 வயசு வருது, அவா யாழ்ப்பாணத்தில இருக்கிறா. இங்க ஒரு விதைப் பேப்பர் கார்ட் பாத்தன், வடிவா இருக்கு. அதை அனுப்பலாமோ?

வேண்டாம் தங்கச்சி. விதையை ஒரு நாட்டுல இருந்து இன்னொரு நாட்டுக்கு தபால்ல அனுப்புறதுக்கு பயிர் நோய் இல்லைன்னு சான்றிதழ், அனுமதி எல்லாம் கேப்பாங்க, கார்டுக்குள்ள இருந்தாலும் அது விதைதான். பிடிச்சா கார்டே போய்ச் சேராது, 80 வயசு அம்மம்மா தபால்காரரைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருப்பா. காஞ்ச மேப்பிள் இலை ஒட்டி அனுப்பலாம்னு தோணும், அதுவும் இதே சிக்கல்தான். வெறும் அட்டையில நீங்களே அந்த இலையை வரைஞ்சு, உங்க வீட்டு ஜன்னல்ல இருந்து தெரியுறதை ரெண்டு பக்கம் எழுதி அனுப்புங்க, எழுத்து மட்டும் பெருசா இருக்கட்டும், கண்ணுக்கு சிரமம் இல்லாம.

சென்னையில இருந்து ஒரு அம்மா: பையன் கிளாஸ்ல 32 பேர். மாசத்துல ரெண்டு மூணு பிறந்தநாள் வருது, ஒரு கார்டு 80 ரூபாய், 100 ரூபாய்னு கட்டுப்படி ஆகல, அடுத்த நாளே அது குப்பையில கிடக்குது. கார்டு குடுக்காம போனா பையன் முகம் வாடிடுறான்.

உங்க வீட்டுல ஒரு கார்டு தொழிற்சாலையே இருக்கும்மா, நீங்க கவனிக்கல. மாத காலண்டர் தாளைத் திருப்பிப் பாருங்க, பின்பக்கம் பெரும்பாலும் வெள்ளையாத்தான் இருக்கும், நல்ல கனமான தாள், மாசம் முடிஞ்சதும் கிழிச்சு எறியுறோம். அப்புறம் கல்யாணப் பத்திரிகை! வருஷத்துக்கு எத்தனை வருது, அதுல அச்சடிக்காத மடிப்பு ஒண்ணாவது இருக்கும், 300 ஜிஎஸ்எம் அட்டை, காசு குடுத்தாலும் சில்லறையா கிடைக்காது. அந்தப் பக்கத்தை மட்டும் வெட்டி மடிச்சா கார்டு. வெண்டைக்காயைக் குறுக்க வெட்டி, பீட்ரூட் சாறுலயோ மஞ்சள் கரைசல்லயோ தொட்டு வெச்சா பூவாட்டம் விழும், மைதா பசையால ஒட்டலாம். பையன் கையால செஞ்சது குப்பைக்கு அவ்வளவு சீக்கிரம் போகாது, அதை வாங்குற வீட்டு அம்மா ஃப்ரிட்ஜ் மேல காந்தம் வெச்சு ஒட்டுவாங்க.

டீச்சர்கிட்டயும் ஒரு வார்த்தை பேசுங்க. கிளாஸ் முழுக்க சேர்ந்து ஒரே ஒரு பெரிய கார்டு, 31 பேரும் ஆளுக்கு ஒரு வரி. 31 கார்டு குடுத்தாலும் அந்தப் பிள்ளை படிக்கப்போறது அந்த ஒரு வரியைத்தானே.

நான் சின்னப் பிள்ளையா இருந்தப்ப மார்கழி பொறந்துட்டா தெரு ஓரம் கயிறு கட்டி பொங்கல் வாழ்த்து தொங்கவிட்டிருப்பாங்க, பானை, கரும்பு, மாடு, சாமி, சினிமா நடிகர்னு. கவரை ஒட்டாம உள்ள சொருகி புக் போஸ்ட்ல போட்டா அப்ப தபால் செலவு குறைவா இருந்துச்சு. பெரும்பாலும் ஃபிலிமும் கிடையாது, ஃபாயிலும் கிடையாது, வெறும் அட்டை மேல மை. எங்க அத்தை அனுப்புன வாழ்த்தை எங்கம்மா சாமி படத்துக்குப் பின்னாடி வருஷக்கணக்கா சொருகி வெச்சிருந்தாங்க.

வேலூர்ல இருந்து ஒரு வாசகர்: திறந்தா பாட்டு பாடுற கார்டு என் பேத்திக்கு ரொம்பப் பிடிக்கும். அதை வாங்கலாமா? பழசு ரெண்டு வீட்டுல இருக்கு, என்ன பண்றது?

ஐயா, இதுல நான் கண்டிப்பாத்தான் சொல்வேன், வாங்காதீங்க. அதுக்குள்ள ஒரு குட்டி சர்க்யூட், ஒரு ஒலித்தகடு, பட்டன் செல்னு பொத்தான் மாதிரி ஒரு குட்டி பேட்டரி இருக்கு, பாடுறது கொஞ்ச நாள், அதுக்கப்புறம் அது எலெக்ட்ரானிக் குப்பை. குப்பையை விட எனக்கு பேத்தியை நினைச்சுத்தான் பயம். பட்டன் செல்லை குழந்தை முழுங்கி தொண்டைக்குழாயில மாட்டிக்கிட்டா 2 மணி நேரத்துக்குள்ளயே உள்ள புண்ணாக்கிடும். அப்படி ஏதாவது நடந்தா வாந்தி எடுக்க வைக்காம உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடணும். வீட்டுல இருக்குற ரெண்டையும் பேத்தி இல்லாதப்ப பிரிச்சு, செல்லை எடுத்து ரெண்டு பக்கமும் டேப் ஒட்டி, எலெக்ட்ரானிக் கழிவு வாங்குற இடத்துல குடுங்க. பேத்திக்கு நீங்களே பாடிடுங்க ஐயா.

சேலத்துல இருந்து ஒரு தம்பி: எதுக்கு இவ்வளவு கஷ்டம், வாட்ஸ்அப்ல ஒரு படம் அனுப்பிட்டா பேப்பரே வேண்டாமே?

சரிதான் தம்பி, ஆபீஸ்ல கூட வேலை பாக்குறவங்க, குரூப்ல இருக்குற 200 பேர், இவங்களுக்கெல்லாம் ஃபோன்லயே சொல்லுங்க, அதுக்கு கார்டு வாங்குறதுதான் வீண். அதுக்கும் மின்சாரம் செலவுதான், ஆனா ஒரு சின்ன மெசேஜுக்கு ரொம்பக் கொஞ்சம். அதுலயும் பெரிய வீடியோவை ஃபார்வர்டு பண்றதை விட ரெண்டு வரி சொந்தமா டைப் பண்ணுங்க, இல்ல குரல்ல பேசி அனுப்புங்க. ஆனா உங்க தாத்தா பாட்டி, ஊரை விட்டுப் போன ஃப்ரெண்டு, உங்களுக்கு பாடம் சொல்லிக்குடுத்த டீச்சர், இப்படி அஞ்சு பேராவது இருப்பாங்க இல்ல, அவங்களுக்கு ஒரு போஸ்ட்கார்டு. 50 பைசா. கவர் கிடையாது, பசை கிடையாது, ஃபிலிம் கிடையாது, ஒரே ஒரு அட்டை. இதை விடக் கம்மியா குப்பை போடுற வாழ்த்து அட்டை கடையில எனக்குத் தெரிஞ்சு இல்ல. பிறந்தநாளுக்கு ஒரு வாரம் முன்னாடியே போட்டுடுங்க.

தூத்துக்குடியில இருந்து ஒரு பெரியவர்: எங்க பக்கம் பனை ஓலையில கல்யாணப் பத்திரிகை செய்றாங்க தங்கச்சி. பேத்தி பிறந்தநாளுக்கு ஓலையில வாழ்த்து எழுதலாம்னு ஆசை. மரத்துக்கு கெடுதலா?

அண்ணாச்சி, எவ்வளவு நல்ல யோசனை! லெட்டருக்கே ஓலைன்னுதானே நம்ம ஆளுங்க பேரு வெச்சாங்க. ஒரு மரத்துல குருத்தை எல்லாம் வெட்டிப்புட்டா மரம் சோர்ந்து போகும், அது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல. பாய், பெட்டி முடையுறவங்ககிட்ட கேட்டா ஒரு கீத்து வாங்கிடலாம், அதுக்குன்னு தனியா மரம் ஏறச் சொல்ல வேண்டாம். மஞ்சள் தண்ணியில வேகவெச்சு நிழல்ல காயவெச்சு, மேல கனமா எதையாவது வெச்சு நீட்டிடுங்க. கூர்மையான ஊசியால கீறி எழுதி விளக்குக் கரியை எண்ணெய்ல குழைச்சுத் தடவித் துடைச்சா எழுத்து மட்டும் கறுப்பா நிக்கும். எழுத்துக்குப் புள்ளி வைக்கிறப்ப மட்டும் லேசா வைங்க, ஓலை பொத்துக்கும். வார்னிஷ் அடிச்சுடாதீங்க, அடிச்சா நம்ம செஞ்ச வேலையே வீண்.

கும்பகோணத்துல இருந்து ஒரு அம்மா: பரண்ல 40 வருஷ கார்டு ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருக்கு. மருமக தூக்கிப் போடச் சொல்றா. நீ சொல்லும்மா.

மருமக மேல கோச்சுக்காதீங்கம்மா, இடம் அடைக்குதுன்னு சொல்றாங்க. ரெண்டு பேரும் ஒரு மத்தியானம் சேர்ந்து உக்காந்து பிரிங்க. பேர் மட்டும் போட்டு கையெழுத்து வெச்சதை எல்லாம் ஒரு பக்கம் வைங்க, அதுல மேல் அட்டையை படத்தோட வெட்டுனா இந்த வருஷம் குடுக்குற பரிசுக்கெல்லாம் சீட்டு ஆச்சு, கிளிட்டர் இருந்தாலும் பரவாயில்ல, இருக்குறதை இன்னொரு தடவை பயன்படுத்துறதுல தப்பில்ல. மிச்சத்துல வெறும் பேப்பர் மட்டும் கடைக்குப் போகட்டும். யாராவது நாலு வரி மனசு விட்டு எழுதியிருந்தா, அதை மட்டும் போடாதீங்கம்மா, மருமகளுக்கு சத்தமா வாசிச்சுக் காட்டிட்டு திரும்ப பெட்டியில வைங்க.